ஓடிலியாவின் இடது கால்

ஹயலியா, புளோரிடா
செப்டம்பர் 10, 2023

அன்புள்ள மச்சான் எவேலியோவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பித்தால் உன் ஊர் கரண்ட் கட்டைப் பற்றி இரண்டு பக்கம் பதில் எழுதுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மரூசா அக்கா இந்த வாரம் மூட்டை கட்டிக்கொண்டு கியூபா வருகிறாள். காபித்தூள், உன் பிரஷர் மாத்திரை, மூட்டுவலித் தைலம், பிளேடு எல்லாம் அவளிடம் இருக்கிறது. கடிதத்தை மட்டும் உன் கையில்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஃபோனில் பேசலாம்தான். ஆனால் நான் ஃபோனை எடுத்தாலே உன் தங்கை, "அண்ணனா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இது அவளுக்குத் தெரியாமல் கேட்க வேண்டிய விஷயம்.

ஓடிலியாவின் இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஈஸ்டருக்கு முன்பு ஒரு புண் வந்தது. சர்க்கரை நோயால் அந்தக் காலில் உணர்ச்சி செத்துவிட்டது. அவளுக்கு வலிக்கவில்லை. அந்த வலி இல்லாததுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் அடித்தது. பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே அறுவை மருத்துவர் ஒருவர் வந்தார். நின்றபடியே பார்த்தார், நின்றபடியே சொன்னார்: "முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம். தள்ளிப்போட்டா உசுருக்கே ஆபத்து."

நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கின் டாக்டரம்மா ஆர்செலியா வேகா மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று சோதனை வைத்தார், புண்ணைத் தானே பார்த்தார். "காலைக் காப்பாத்தலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

யாரை நம்புவது? அந்தக் கிளினிக்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு மட்டுமான இடம். வீட்டுக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். போனவுடன் காபி. காத்திருக்கும் கூடத்தில் டொமினோ மேஜை. அங்கே எனக்கு முன்னால் உட்காரும் ஆர்மாண்டோ சூதாடித் தோற்பதற்காகவே நோயாளியாக இருக்கிறான் என்று நினைக்கிறேன். இவ்வளவு உபசாரம் சும்மா நடக்குமா என்று விசாரித்தேன். சும்மா இல்லை. அரசாங்கக் காப்பீட்டில் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அந்தக் கிளினிக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஓடிலியா ஆரோக்கியமாக இருந்தால் மிச்சம் அவர்களுக்கு. ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவும் அவர்கள் தலையில்.

இப்போது புரிகிறதா என் கஷ்டம்? அந்த அறுவை மருத்துவருக்கு வெட்டினால் காசு. இவர்களுக்கு வெட்டாவிட்டால் காசு. நடுவில் இருப்பது என் பெண்டாட்டியின் கால். இருபத்தைந்து வருஷமாக டயர் கடை நடத்துகிறவன் நான். ஒருவன் எதில் சம்பாதிக்கிறான் என்று தெரிந்தால்தான் அவன் சொல்வதற்கு எடை போட முடியும். இங்கே இரண்டு தராசுமே எனக்குப் பிடிபடவில்லை.

நீ அவளுடைய அண்ணன். சொல், என்ன செய்யட்டும்?

உன்
எலாடியோ


சாந்தியாகோ தெ லாஸ் வேகாஸ்
கியூபா
செப்டம்பர் 29, 2023

எலாடியோவுக்கு,

காபித்தூள் வந்தது. தைலத்தைக் கோடி வீட்டு மாமி கேட்டாள் என்று மரூசா பாதி வழியிலேயே விற்றுவிட்டாள். கேட்டால், "மூட்டுவலி அவளுக்குத்தான் ஜாஸ்தி" என்கிறாள். கரண்டைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். சரி, இருட்டில்தான் எழுதுகிறேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

என் தங்கையின் காலை வெட்டலாமா என்று என்னைக் கேட்கிறாய். நான் ரயில்வே மெக்கானிக். என்ஜின் காலைக் கேள், சொல்கிறேன். எங்கள் தெரு டாக்டர் பெண் எனக்கு மேல் மாடியில்தான் இருக்கிறாள். கூப்பிட்டால் வருவாள், நல்ல பிள்ளை. ஆனால் பஞ்சையும் கட்டுத்துணியையும் நாம்தான் தேட வேண்டும். உனக்கு எல்லாமே இருக்கிறது, ஆள்மேல்தான் நம்பிக்கை இல்லை. அவளை அந்த ஊருக்கு வரவழைத்துக்கொண்டது நீ. இத்தனை வருஷமாக ஒரு விஷயத்திலும் என்னைக் கேட்டதில்லை. இப்போது முடிவை மட்டும் என் தலையில் போடாதே.

ஒன்று சொல்கிறேன். அவளை எப்போதும் செருப்போடு இருக்கச் சொல். வெளியே போகும்போது முக்கியமாக. மாதத்தில் சில நாள் வெளியிலேயே போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. வெயில் அதிகம் அல்லவா.

அவள் கால் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

எவேலியோ


ஹயலியா
அக்டோபர் 16, 2023

மச்சான்,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். ஏன் செருப்பைப் பற்றி எழுதினாய்? நம் ஆட்கள் கால்சட்டை இல்லாமல்கூட வாசலுக்கு வருவார்கள், செருப்பு இல்லாமல் வரமாட்டார்கள். உன் தங்கை கண்ணைத் திறப்பதற்கு முன்பே காலைச் செருப்புக்குள் விடுகிறவள். தரை குளிர்ந்தால் ஜன்னி வரும் என்று எனக்கும் சேர்த்துச் செருப்பு எடுத்து வைப்பாள். அவளுக்குப் போய் நீ செருப்பு உபதேசம் செய்கிறாய். இதையேதான் டாக்டரம்மாவும் கேட்கிறார்!

நடந்ததைச் சொல்கிறேன். காலுக்கு முழங்கால் வரை ஒரு பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள், நடந்தாலும் புண்மேல் பாரம் விழாமல் இருக்க. வாரம் தவறாமல் புண்ணைச் சுத்தம் செய்து, அளந்து, படம் எடுக்கிறார்கள். போன வாரம் டாக்டரம்மா படங்களை வரிசையாக வைத்துக் காட்டினார். மாதக் கடைசியில் புண் சுருங்குகிறது, மாத ஆரம்பத்தில் இன்னும் சுருங்குகிறது, நடுவில் மறுபடி வாயைப் பிளக்கிறது. ஒவ்வொரு மாதமும் அப்படியே. புண்ணுக்குள் ஒரு தடவை தார்த் துணுக்கு இருந்ததாம். "ஓடிலியாம்மா, என் உயிரே, இந்தக் கால் எங்கேயோ வெறுங்காலோட நடக்குதே?" என்று கேட்டார். உன் தங்கை மாதா மேல் சத்தியம் செய்தாள். நானும் செய்தேன்.

எனக்குச் சுருக்கென்றது. மருந்து பலிக்கவில்லை என்றதும் நோயாளி மேல் பழியைப் போடுகிறாரா? ஓடிலியாவை வேனில் ஏற்றிவிட்டு, நான் மட்டும் திரும்பப் போனேன்.

"டாக்டரம்மா, நான் வியாபாரி. சுத்தி வளைக்கத் தெரியாது. காலை எடுத்தா உங்க கிளினிக்குக்குக் கைநட்டம். அதனால இழுத்தடிக்கிறீங்களா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கேட்டீங்களே, நிம்மதி. பாதிப் பேரு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டே போயிடறாங்க. ஆமா, நட்டம்தான். கால் போனா அதோட நிக்காதுங்க. படுக்கை, அப்புறம் விழுறது, அப்புறம் இன்னொரு கால். எல்லாமே எங்க தலையிலதான் விடியும். அவங்க ரெண்டு கால்ல நடந்து உங்களோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தாத்தான் எங்களுக்கு லாபம்."

"அவளுக்குச் சண்டைக்குக் கால் எதுக்கு, வாய் போதுமே."

சிரித்தார். பிறகு சொன்னார்: "ஆனா ஒண்ணு. புண்ணு எலும்புக்குப் போச்சுன்னா வெட்டச் சொல்ற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். அன்னிக்கு உங்ககிட்ட வாதாட மாட்டேன், வண்டி அனுப்புவேன்."

வாயால் எல்லோரும் சொல்லலாம், மச்சான். என் தொழிலில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பேக்கரிக்காரர் தன் வேன்களுக்கெல்லாம் சேர்த்து மாதம் ஒரு தொகை தருவதாகச் சொன்னார், டயர் பாடு முழுக்க என் பொறுப்பு என்று. அதுவரை தெருவில் ஆணி கிடந்தால் அது என் பிழைப்பு. ஒப்பந்தம் போட்ட பிறகு விடியற்காலையில் அவர் பேக்கரி வாசலில் நானே குனிந்து ஆணி பொறுக்கினேன். காற்று சரியாக இருக்கிறதா என்று டயர் டயராகத் தட்டிப் பார்த்தேன். அவர் வண்டிகள் நிற்காமல் ஓடின, நானும் நன்றாக இருந்தேன். அதைப் பார்த்து அடுத்த தெரு ரமிரோவும் ஒரு லாரிக் கம்பெனியோடு அதே மாதிரி ஒப்பந்தம் போட்டான். அவன் ஆணி பொறுக்கவில்லை. தேய்ந்த டயரை மாற்றாமல், உள்ளே கம்பி தெரியும்வரை ஓட விட்டான். நெடுஞ்சாலையில் ஒன்று வெடித்து டிரைவருக்கு இடுப்பு போயிற்று.

ஒப்பந்தம் ஒன்றுதான். ஒருவன் ஆணி பொறுக்குகிறான், ஒருவன் கம்பி தெரியும்வரை விடுகிறான். டாக்டரம்மா இதில் யார்? அது தெரியாமல் எப்படிக் காத்திருப்பது?

பெரிய ஆஸ்பத்திரியில் நவம்பர் பதினான்காம் தேதி அறுவைக்கு நாள் வாங்கிவிட்டேன். ஓடிலியா கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், அழுவது கேட்கக் கூடாது என்று.

உனக்கு ஏதோ தெரியும். செருப்பு என்று எழுதிய கைக்கு மிச்சத்தையும் எழுதத் தெரியும். எழுது.

எலாடியோ


சாந்தியாகோ தெ லாஸ் வேகாஸ்
நவம்பர் 2, 2023

எலாடியோ,

இன்று கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்குப் போய், வாக்கை மீறப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து எழுதுகிறேன். நான் எந்தச் சாமியையும் நம்பாதவன். கொடுத்த வாக்கை நம்புகிறவன். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

தொண்ணூற்று நான்காம் வருஷ ஆகஸ்டில் நீ டிராக்டர் டியூப்களின் மேல் பலகை கட்டி, அமெரிக்கா போகக் கடலில் இறங்கினாய். "கரை சேர்ந்ததும் சேதி அனுப்பறேன்" என்றாய். சேதி வரவில்லை. உன்னோடு போனவர்களில் ஒருவன் உடல் ஒதுங்கியது என்று மட்டும் சேதி வந்தது. உன் பெண்டாட்டி சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு ஒருநாள் எழுந்து, செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எல் ரின்கோன் கோயிலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே செருப்பைத் தூக்கிக்கொண்டு, "பைத்தியமே, கல்லு குத்துது பாரு" என்று திட்டிக்கொண்டே போனேன். புனித லாசருவிடம் அவள் வைத்த நேர்ச்சை இது: அவனை உயிரோடு கரை சேர்த்துவிடு, நான் சாகும்வரை மாதம் பதினேழாம் தேதி வெறுங்காலோடு உன் வாசலுக்கு வருவேன்.

அந்த வாரமே நீ உயிரோடு இருப்பதாகச் சேதி வந்தது. தற்செயல் என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். யாருக்காக நேர்ந்துகொண்டோமோ அந்த ஆளுக்குத் தெரிந்தால் நேர்ச்சை முறிந்துவிடும், உயிர் திரும்பப் போய்விடும் என்று அவளுக்கு நம்பிக்கை. என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

உங்கள் ஊரிலும் ஒரு லாசரு கோயில் இருக்கிறதாமே. பதினேழாம் தேதி, தோழி மிர்தாவோடு முடிவெட்டப் போகிறேன் என்று கிளம்புவாளே, அவள் தலைமுடியை நீ ஒருநாளாவது பார்த்ததுண்டா? கோயிலுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி, அந்தப் பூட்ஸையும் கழற்றிவிட்டு, உங்கள் ஊர் வெயிலில் தாரின் மேல் நடக்கிறாள். காலில் உணர்ச்சி இல்லாததை லாசருவின் கருணை என்று எனக்கு எழுதியிருந்தாள். உன் உயிருக்காக நடந்து நடந்து அந்தக் கால் போகப் போகிறது.

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வாயோ செய். அவள் என்னை மன்னிக்க மாட்டாள்.

எவேலியோ


ஹயலியா
நவம்பர் 20, 2023

மச்சான்,

உன் கடிதத்தைக் கடையில், பழைய டயர் குவியலுக்குப் பின்னால் நின்று படித்தேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அவளிடம் எப்படிக் கேட்பது? நேராக டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "பதினேழு," என்று சொல்லிக்கொண்டார். "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன். காபி உண்டுதானே?"

வந்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். அவசரமே இல்லை. காபி குடித்தார், கொய்யா பேஸ்ட்ரி சாப்பிட்டார், ஓடிலியாவின் மாமியாரைப் பற்றி, அதாவது என் அம்மாவைப் பற்றி, ஒரு மூச்சு புலம்பலைக் கேட்டார். பிறகு மெதுவாக, "லாசருவுக்கும் கால்லதானே புண்ணு?" என்றார்.

உன் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

"அண்ணன் சொல்லிட்டானா? அந்த ஓட்டை வாயன்! இவருக்குத் தெரிஞ்சு போச்சா? ஐயோ, இவருக்குத் தெரியக் கூடாதே!" என்று எழுந்து என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள், துடிக்கிறதா என்று.

"நான்தான் கல்லு மாதிரி நிக்கறேனேடி," என்றேன்.

"இப்ப நிக்கறே. பொழுது போகட்டும்."

மச்சான், இத்தனை வருஷம் என் சாமர்த்தியத்தில்தான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா கண்டிக்கவில்லை, பாடம் நடத்தவில்லை. "அந்தச் சாமியே ஊன்றுகோல் வெச்சுத்தானே நிக்கறாரு. நீங்க பூட்ஸ் போட்டா மட்டும் கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டார். உன் தங்கை மசியவில்லை. "வெறுங்கால்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான்." அவளுக்குப் பதில் நான் நடக்கிறேன் என்றேன். அதற்கும் அவள் ஒப்பவில்லை: "பொழைச்சவன் நேர்ச்சையைக் கட்டக் கூடாது. கூடப் பொறந்த ரத்தம் கட்டலாம். அதுவும் எல் ரின்கோன்ல, நேர்ந்துக்கிட்ட எடத்துல."

உடனே டாக்டரம்மா, "சரி, வெறுங்காலை அங்க உங்க அண்ணன் பாத்துக்கட்டும். நீங்க இங்க சாமியைப் பாக்காம இருக்க வேண்டாம். மாசாமாசம் பதினேழு, எங்க வேன் வரும். சக்கர நாற்காலில பீடம் வரைக்கும். பூட்ஸைக் கழட்டினா மட்டும் டிரைவர் என்கிட்ட கோள் சொல்லிடுவான்," என்றார். அழுகைக்கு நடுவில் ஓடிலியா சிரித்தாள்.

சாமி கும்பிட வண்டி அனுப்பும் வைத்தியத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறாயா? வெட்டிச் சம்பாதிக்கும் இடத்தில் யாருக்கு இதற்கு நேரம்? வாசல் வரை வழியனுப்பினேன். நான் கேட்காமலே சொன்னார்: "எனக்கு ஆளுக்கு நாலு நிமிஷம்னு யாரும் மணி அடிக்கறதில்ல. இதுவும் என் வேலைதான்." பக்தியில் செய்தாரோ, கணக்கில் செய்தாரோ. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. இவர் ஆணி பொறுக்குகிற ஜாதி என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். நிச்சயமில்லை. அன்றே பதினான்காம் தேதி அறுவையை ரத்து செய்ய ஃபோன் செய்தேன். "உங்கள் பொறுப்பு" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தை காதிலேயே நிற்கிறது. தப்பாக முடிந்தால் ஓடிலியாவைக் கொன்றவன் நான்.

டிசம்பர் பதினேழு பெரிய திருநாள். நீ சாமி இல்லை என்பவன். அது எனக்கு முக்கியமில்லை. உனக்குக் கால் இருக்கிறது. நடப்பாயா?

உன்
எலாடியோ


சாந்தியாகோ தெ லாஸ் வேகாஸ்
டிசம்பர் 18, 2023

மாப்பிள்ளை,

நடந்தேன். இப்போது கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். மாடி வீட்டு டாக்டர் பெண் வந்து, "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா தாத்தா?" என்று திட்டிக்கொண்டே நான் கிழித்துக்கொடுத்த தலையணை உறையால் கட்டுப் போட்டுவிட்டாள்.

ஊரே ரோட்டில் இருந்தது. ஊதாச் சட்டை, சாக்குத் துணி, மெழுகுவத்தி. ஒருவன் காலில் கல்லைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்தான். பணிமனையில் என்னோடு வேலை பார்த்த ஹெனாரோ என்னைப் பார்த்துவிட்டான். வாழ்நாள் பூராவும் நான் இவர்களைக் கிண்டல் செய்தவன் அல்லவா. "எவேலியோ, நீயுமாடா?" என்று கத்தினான். "செருப்பு அந்துபோச்சு" என்றேன். "ரெண்டுமா?" என்றான். பிறகு தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனான்.

தார் சுடாத நேரம்தான், ஆனால் பொடிக்கல். ஒவ்வொரு அடிக்கும் வலித்தது. இந்த வலி எதுவும் தெரியாமல் அவள் நடந்திருக்கிறாளே என்று நினைத்தபோது வழியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பீடத்துக்கு முன்னால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குப் பழக்கமில்லை. "இது ஓடிலியாவோடது. அவ பேர்ல எழுதிக்கோ" என்றேன். பின்னால் இருந்த கிழவி நகரச் சொல்லி முதுகில் குத்தினாள்.

நீ கடலில் இறங்கிய நாளிலிருந்து உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதை எங்கேயோ ரோட்டில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, தேடிப் பார்த்தேன், இல்லை.

கால் எப்படி இருக்கிறது? நேற்று முழுக்க அவளுக்கு ஃபோன் போட்டேன், யாருமே எடுக்கவில்லை. இன்றும் எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது.

உன் மச்சான்
எவேலியோ


ஹயலியா
ஜனவரி 8, 2024

அன்புள்ள மச்சான்,

ஃபோனில் அவள் குரலைக் கேட்டுவிட்டாய். ஆனால் அவள் உனக்கு முழுவதையும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் பதினாறாம் தேதி, சனிக்கிழமை. கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். டாக்டரம்மா தானே வந்துவிட்டார். புண் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இரண்டாவது விரல் வீங்கி, தொட்டால் சுட்டது. ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பழைய தொற்று, எலும்புக்குப் போயிருந்தது.

"வெட்டணும்," என்றார்.

"காலையா?"

"விரலை. இன்னிக்கே உள்ள சேத்துடணும். ரெண்டு நாள் விட்டா கால்."

"நீங்களா சொல்றீங்க? உங்களுக்குத்தானே நட்டம்?" வாயில் வந்துவிட்டது, மச்சான். அந்த நேரத்திலும் என் வாய் கடைக்காரன் வாய்.

"வண்டி வாசல்ல நிக்குது. ஏறுங்க," என்றார். வாதாடவில்லை.

மறுநாள், நீ ரோட்டில் நடந்துகொண்டிருந்த காலை வேளையில் உன் தங்கை அறுவைக் கூடத்தில் இருந்தாள். உள்ளே போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் நடக்கறானா?" என்றாள். நடக்கிறான் என்றேன். எனக்கு அது தெரியாது. சொன்னேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, உன் ஃபோன் அவள் கைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து என்ன சொல்வது?

விரல் போயிற்று. பாதம் இருக்கிறது. வெட்டாவிட்டால் சம்பாதிப்பவர் வெட்டு என்று சொன்ன அன்றுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. அதைப் பெரிய ஆஸ்பத்திரிக்காரர் சொல்லியிருந்தால் நான் இன்னும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன், நாளும் கடந்திருக்கும்.

ஓடிலியா, "சாமி விரலை எடுத்துக்கிட்டுக் காலை விட்டுட்டாரு" என்கிறாள். டாக்டரம்மா எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். அந்தக் கால் இனி எப்போதும் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டிய கால்தானாம். தினமும் சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்து, சூடு இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் பாதத்தை இப்படி உற்றுப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு ரேகையும் தெரியும். அவளுக்குக் கூச்சம். "கடையைப் போய்ப் பாரு" என்று விரட்டுகிறாள். மாதம் பதினேழு உன் பொறுப்பு என்றும் சொல்லச் சொன்னாள், வருஷத்துக்கு ஒரு தடவை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கக் கூடாதாம். அது உங்கள் இருவர் வழக்கு, நான் நடுவில் வரவில்லை.

இன்று காலை நான் படுக்கையில் இருந்தபோதே எழுந்துவிட்டாள். கூப்பிடவில்லை, உதவி கேட்கவில்லை. காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையில் அவள் போவதையும் வருவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பூட்ஸ் கனமாக ஒரு அடி, செருப்பு லேசாக ஒரு அடி. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். கனமாக ஒன்று, லேசாக ஒன்று.

உன்
எலாடியோ